கவினின் பலகையில் ஐந்து ‘ஏன்’

போன ஞாயிறு காலை, பாத்திரம் திருப்பிக் கொடுக்க மாடி வீட்டுக்குப் போனேன். செந்தில் கையில் மார்க்கர். எதிரே வெள்ளைப் பலகை. சமையலறை வாசலில் அவர் மனைவி கலா... நின்ற விதமே சரியில்லை.

செந்திலுக்கு ஊர் விருதுநகர் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர். ஒரு பார்ட் ரிஜெக்ட் ஆனால் அங்கே ‘ஒய்-ஒய்’ போடுவார்கள். ஏன் என்று ஒரு கேள்வி. வருகிற பதிலுக்கும் ஒரு ஏன். ஐந்தாவது ஏனில் காரணம் மாட்டிக்கொள்ளும்.

நல்ல வழக்கம்தான். ஆனால் அன்று பலகையில் இருந்தது பார்ட் அல்ல — அவர்கள் மகன் கவின்!

நான்கு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் உறுதி செய்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

காரணம் பிரசவத்தில்தான் என்பது செந்திலின் கணக்கு. ஏன் பிறந்ததும் அழவில்லை? மூச்சுத் திணறல். ஏன் திணறல்? பிரசவம் தாமதம். ஏன் தாமதம்? வழியில் குருபரப்பள்ளியில் லாரி நெரிசல். ஏன் அங்கே மாட்டினோம்? ஆஸ்பத்திரி கிருஷ்ணகிரியில். ஏன் கிருஷ்ணகிரி?

ஐந்தாவதற்குப் பதில் எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன? தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பக்கம்தான் என்று நின்றவர், கிருஷ்ணகிரியை அடுத்த பாரூர்க்காரரான கலா.

“எழுதுங்க. எம்பேரைத்தான எழுதணும்? அவன் பொறந்ததுலருந்து மனசுக்குள்ள எழுதிக்கினுதான் இருக்கேன்.”

செந்தில் பதறிப்போனார். “உன்னையவா சொன்னேன்? காரணம் தெரிஞ்சா எதாவது பண்ணலாம்ல... சார், நீங்க சொல்லுங்க. நடக்கிறதையெல்லாம் தேதி போட்டு டைரியில குறிச்சு வைக்கிறவரு.”

“அதனாலதாம்ப்பா சொல்றேன். முன்னாடி நடந்ததெல்லாம் காரணம் ஆயிடாது.”

படித்ததையும் சொன்னேன். பிரசவச் சிக்கல்களுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு காணப்படுவது உண்மை. வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. ஆனால் மூச்சுத் திணறிப் பிறந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆட்டிசம் வருவதில்லை. சுகப்பிரசவக் குழந்தைகளுக்கும் வருகிறது. மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கருவிலேயே இருந்த ஏதோ ஒன்று பிரசவத்தையும் சிக்கலாக்கியிருக்கலாம். இந்தக் குழந்தைக்கு இதனால்தான் என்று எந்த டாக்டராலும் கைநீட்டிச் சொல்ல முடியாது.

“எங்க டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னாங்க” என்றார் கலா. “இவரு கேட்டாத்தான?”

அப்போதுதான் கவின் வந்தான். பலகையைப் பார்த்தான். உள்ளங்கையால் தட்டினான். அழுதுகொண்டே மறுபடி தட்டினான்.

அது அவனுடைய பலகை. பல் விளக்குவது, இட்லி, பார்க் ஊஞ்சல் என்று அன்றன்றைய வேலைகளைப் படமாக வரைந்து வைப்பார் கலா. பார்த்துக்கொண்டே இருந்தால் அவனுக்குப் பதற்றம் இல்லை. அந்தப் படங்களை அழித்துவிட்டுத்தான் அப்பா ‘ஏன்’களை எழுதியிருக்கிறார்!

கலா மகனைத் தூக்கிக்கொண்டார். கோபம் போயிருந்தது. “பாருங்க... அவனுக்கு அடுத்து என்னன்னு தெரியணும். நீங்க பின்னாடியே போய்க்கினு இருக்கீங்க.”

 செந்தில் சட்டை முனையாலேயே ஐந்து ஏனையும் துடைத்தார். ஊஞ்சல் வரைந்தார். கோணல்மாணலாக வந்தது. கயிறு ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

“கம்பெனியில இது ரிஜெக்ட்டுங்க” என்றார் கலா, சிரித்துக்கொண்டே.

கவின் அழுகையை நிறுத்தி உற்றுப் பார்த்தான். இறங்கினான். போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவின் விரலைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

குவாலிட்டி செக்கில் ஊஞ்சல் பாஸ்!