உங்கள் பகுதிக்கு இன்னும் வரவில்லை

இன்டர்நெட் கம்பெனியில் ஃபோன் எடுக்கிற வேலை என்பது, பாதி நேரம் ‘இல்லை’ என்பதைச் சிரித்த குரலில் சொல்கிற வேலை. காதில் ஹெட்செட்டோடு பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மஸ்கட்டில், ரூவியில் எங்கள் ஆபீஸ். தமிழுக்கான எண்ணை அழுத்தினால் வருகிற இரண்டு குரல்களில் ஒன்று என்னுடையது.

பூனைக்கு வந்த கஷ்டம்

கடற்கரைப் பக்கத்து வில்லா ஒன்றிலிருந்து ஒரு சென்னைக்கார அம்மா கூப்பிட்டார். வீட்டில் மாடிக்கு ஒன்றாக ரவுட்டர் இருந்தும், பூனை படுக்கிற பின்அறைக்கு வைஃபை எட்டவில்லையாம். குடும்பத்தோடு துபாய் போகிறார்கள். அங்கிருந்தே பூனையைக் கேமராவில் பார்க்க வேண்டும். அந்த ஏரியா என்றால் எனக்கு ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதான். சாயங்காலமே டெக்னீஷியன் போய் இன்னொரு ரவுட்டர் மாட்டிவிட்டார்.

துபாயிலிருந்து அந்த அம்மா மறக்காமல் கூப்பிட்டு நன்றி சொன்னார்: “மீசையைக்கூட எண்ணலாம் போலிருக்கும்மா, அவ்ளோ கிளியர்!”

எங்கள் தெரு

எனக்கு ரூமில் நெட் ஓசி, கம்பெனி கொடுக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்தால் சீரியல் பார்ப்பேன். ஊரில், திருச்செந்தூருக்குத் தெற்கே, என் தங்கை நர்ஸிங் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறாள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மாதா கோயில் படிக்கட்டில்தான் அவளுக்கு வகுப்பு. மழை வந்தால் வகுப்பு இல்லை.

அப்பா அங்கே ஒரு கம்பெனிக்கு ஃபோன் போட்டு லைன் கேட்டிருக்கிறார். கடலோரத்துக் கடைசித் தெருக்களுக்குக் கேபிள் இழுக்கவில்லையாம். கோபமாகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: “அந்தப் பிள்ள உன்னய மாதிரியே தன்மையாப் பேசுச்சும்மா. லைன் மட்டும் கெடையாதாம்.”

அன்றைக்கு சீரியல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் பார்க்கவில்லை.

மேப்பில் இல்லாத இடம்

ஒரு நாள் லைன் கேட்டுக் கூப்பிட்ட முருகேசன் அண்ணனுக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். இங்கே கல்குவாரி தாண்டி உள்ள ஒரு தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். லீவு கிடைக்கவில்லை. போட்டோகிராபர் நேரலையாகக் காட்டுவார். கேம்ப்பிலோ ஃபோன் சிக்னல் வந்து வந்து போகிறது. ரூமில் உள்ள ஆறு பேரும் சேர்ந்து ஒரு லைன் வாங்கத் தயார் என்றார்.

வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்று கேட்டேன். அப்படி ஒன்று கேம்ப்பில் எப்படி இருக்கும்? இருந்தும் கேட்டேன், கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்ன அடையாளங்களை வைத்து மேப்பில் தேடினேன். குவாரி இருந்தது, ரோடு இருந்தது, அதற்கப்புறம் வெறும் மணல் நிறம். “உங்கள் பகுதிக்கு இன்னும் வசதி வரவில்லை சார்” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அவர் சண்டைக்கு வராமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்: “அப்ப நாங்க இருக்குற எடம் உங்க கம்ப்யூட்டர்லயே இல்லியாம்மா?”

ரூவிக்கு வந்தால் சில ஓட்டல்களில் வைஃபை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அஞ்சுக்கு அஞ்சு

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நான்கு பேராக பஸ் பிடித்து ரூவிக்கு வந்திருக்கிறார்கள். டீயும் பரோட்டாவும் வாங்கிக்கொண்டு ஃபோனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே நிச்சயத் தட்டு மாற்றுகிற நேரத்தில் இங்கே ஓட்டலில் கூட்டம் வந்து, டேபிளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். மீதியை வாசலில் நின்று, கண்ணாடிக்கு வெளியே வந்த சிக்னலில் பார்த்தாராம். மகள் அழுததுகூடத் தெரிந்ததாம்.

“ஸாரி சார்” என்றேன். அது மேலே இருந்து எழுதிக் கொடுத்த வரி அல்ல.

“நீங்க எதுக்கும்மா? மார்க் போடச் சொல்லி மெசேஜ் வந்துச்சுல்ல, அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தான் இல்லைங்கிறதைப் பொறுமையாச் சொன்னீங்க.”

அந்த மாதம் எங்கள் பிரிவில் அதிக மார்க் எனக்குத்தான். எல்லோரும் கைதட்டியபோது ஹெட்செட்டில் ஏதோ கோளாறு என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.