பெரியப்பாவுக்கு முதுகு காட்டி

மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டேதான் நான் இங்கிலீசுப் பாடம் கேட்டேன். படிக்கவேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. என் மகளுக்கு எதிரே உட்கார ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். முதலில் ஒருநாள் வகுப்பில் நின்று பாடம் நடத்திக் காட்டவேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். இல்லை என்றால் மறுபடி திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் நிற்கவேண்டும். அங்கே நின்று நின்றுதான் கால் இரண்டும் நரம்பு சுருண்டு, வீங்கி, ஊர் வந்து சேர்ந்தாள். தபாலில் படித்து வாங்கிய பட்டம் பீரோவுக்குள் சும்மா கிடந்தது. இன்னொரு தடவை அவளைப் பஸ் ஏற்றிவிட எனக்குத் தெம்பு இல்லை. ஏறிப்போக அவளுக்கும் இல்லை. அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் கரும்பலகை ஏது? வாசல் கதவைச் சாத்தி, அதன் உள்பக்கம் சாக்பீஸால் எழுதுவாள். பச்சைப் பெயிண்ட் அடித்த இரட்டைக் கதவு. நான் வத்தலைக் குவித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பேன்.

“யம்மா, ‘எ பிக் ஹவுஸ்’னா ஒரு பெரிய வீடு. எங்க, சொல்லு.”

நான் சொல்லவில்லை. அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் போனபோதே வாய் திறக்காத ஆள் நான்.

“சரி, கேக்கவாவது செய். இந்த ‘எ’ எப்பவும் முன்னாலதான் நிக்கும். ஆனா ‘சோ’ன்னு ஒண்ணு வந்துட்டுன்னா, ‘பிக்’ அதுகூடச் சேந்துக்கிட்டு முன்னால போயிரும். ‘எ’ பின்னால ஒதுங்கிரும். ‘சோ பிக் எ ஹவுஸ்’. அவ்வளவு பெரிய வீடு.”

“அது எதுக்கு ஒதுங்குது?”

“பெரியவிய வந்தா நீ அடுப்படிக்குள்ள ஒதுங்குதேல்லா, அது மாதிரி.”

அப்படிச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. ‘டூ’ வந்தாலும் ‘ஆஸ்’ வந்தாலும் ‘ஹவ்’ வந்தாலும் இதே கதைதான் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் நான் தும்மினேன்.

“பாடம் நடக்கும்போது தும்மக்கூடாது.”

“வத்தல் தும்ம வைக்கி, நானா தும்முதேன்?”

வீட்டில் தண்ணீர் குடிக்கிற மாதிரி சரளமாக நடத்தினாள். பள்ளிக்கூடத்துக்குப் போன அன்றைக்கு மத்தியானமே திரும்பி வந்து, பையைக் கீழே போட்டு, வெறுந்தரையில் படுத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்தின் தாளாளர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை. மகளுக்குப் பெரியப்பா. என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துபோவார். அவர் மாதிரிப் பெரியவர்களுக்கு நாங்கள் முதுகு காட்டி நிற்கமாட்டோம். காப்பி கொண்டுபோய் வைத்தால், முகம் அவர் பக்கமாகவே இருக்க, பின்னாலேயே அடிவைத்து நடந்து அடுப்படி நிலைக்கு வந்துதான் திரும்புவோம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்தது இல்லை. பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறிய பழக்கம். சொந்தம் என்பதற்காக வேலையைத் தூக்கிக் கொடுக்கிற ஆளும் இல்லை அவர். அன்றைக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம்.

“போர்டு பக்கம் திரும்பவே முடியலம்மா. அவியளப் பாத்துக்கிட்டே கையப் பின்னால நீட்டி எழுதுதேன். எழுத்து கோணிக்கிட்டு கீழ எறங்குது. ‘பிக்’ மேலயே ‘எ’ போய் ஏறி உக்காந்துக்கிட்டு. பிள்ளைய பூரா சிரிக்கு.”

“அவிய ஒண்ணும் சொல்லலையா?”

“‘போர்டப் பாத்து எழுது தாயி’ன்னாவ. நான் ‘சரி பெரியப்பா’ன்னுட்டேன். இங்கிலீசு கிளாஸ்ல!”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை நடத்திக் காட்டலாம், அதுதான் கடைசி என்று தலைமையாசிரியை சொல்லி அனுப்பியிருந்தார்.

“பரண்ல கெடக்க பைய எடுத்துத் தட்டி வையிம்மா, திருப்பூருக்கு” என்றாள். நான் எடுக்கவில்லை.

மறுநாள் அவளே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“இதுல உக்காரு. நீதான் பெரியப்பா.”

“நானா? ஏட்டி, போ.”

“தோள்ல துண்டப் போடு.”

“யாராவது வந்து பாத்தா சிரிப்பாவட்டி.”

“யாரு வருவா? கதவுல நானுல்லா எழுதிக்கிட்டு நிக்கேன்.”

துண்டைப் போட்டுக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்தேன். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். பாதி எழுதும்போது நான், பெரியவர் வாசலில் வந்து நின்று செருமுவாரே, அது மாதிரிச் செருமினேன். சாக்பீஸ் கைதவறி விழுந்தது. உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது.

“ஏட்டி, இது நாந்தாம்ட்டி.”

“எனக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியலையே.”

இரண்டு பேரும் சிரித்தோம். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. பிறகு மறுபடியும் எழுதினாள், மறுபடியும் செருமினேன். காம்பு கிள்ளிய விரல்கள் காந்தின. அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு எழுதினாள். அவள் முதுகை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. ஜாக்கெட் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது. பின்னால் இருந்து பார்த்தால் என் வயதுக்காரி மாதிரி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிட்டாள். காலையில் கொஞ்சம் வத்தலைக் கிள்ளி வைத்துவிட்டு அவளோடு போனேன். வகுப்புக்கு வெளியே, ஜன்னல் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்றேன். காட்டுப் பக்கமிருந்து கரிசல் புழுதி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே கடைசி பெஞ்சில் பெரியவர். அவர் நிஜமாகவே ஒரு தடவை செருமினார். அவள் கை ஒரு நொடி நின்றது. திரும்பவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். எழுத்து நேராக இருந்தது.

வகுப்பு முடிந்து முதலில் வெளியே வந்தவர் அவர்தான். என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“நீ எதுக்கு இங்கன நிக்க? உள்ள வந்து உக்காந்திருக்கலாம்லா.”

நான் சேலை முந்தியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

“பிள்ள இன்னைக்குத் தைரியமா நடத்துனா. திங்கக்கிழமைல இருந்து வேலைக்கு வரட்டும்.”

தலையை ஆட்டினேன். வழக்கம்போலப் பின்னால் நடந்து விலகப் பார்த்தேன். நின்று நின்று மரத்துப்போன முழங்கால் மடங்க மறுத்தது. அப்படியே திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடந்துபோய்க் குழாயடித் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் முட்டியது. வத்தல் கை என்பதால் துடைக்கவும் முடியவில்லை. வழியவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினோம். உள்பக்கம் அழிக்காமல் விட்டிருந்த ‘சோ பிக்’ ஒரு கதவோடும் ‘எ ஹவுஸ்’ இன்னொரு கதவோடும் போயிற்று. வத்தல் மூட்டை பாதி அப்படியே கிடந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தரையில் படுத்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

“அங்கயும் நின்னுக்கிட்டேதான் பாடம் நடத்தணும். தெரியும்லா?”

“தெரியும்ட்டி. சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேல்லா.”