பால் காய்ச்சிய அன்று இங்கிலாந்து தோற்றது

எங்கள் ஆட்களுக்குப் பிரித்தானியா என்றொரு நாடு கிடையாது. லண்டன்தான் உண்டு. என் மச்சாள் ஒருத்தி கிளாஸ்கோவில் இருக்கிறாள். அவளை நாங்கள் லண்டன் மச்சாள் என்றுதான் சொல்வோம். அவளும் தொலைபேசியில், "லண்டனிலை இண்டைக்குச் சரியான குளிர்" என்றுதான் தொடங்குவாள். வேல்ஸில் கடை வைத்திருப்பவரும் லண்டன், பெல்பாஸ்டில் படித்தவரும் லண்டன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பூமிசாஸ்திரம் அந்தப் பக்கம் வந்து சேருமுன் நான் வெளியே வந்துவிட்டேன். ஆகவே கனடாவில், மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் நான் வேலை செய்த மருந்துக் களஞ்சியத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு மதியமும் பந்தடியைப் பற்றிச் சண்டை பிடித்தபோது, ஒரே ஊர்க்காரருக்குள் ஏன் இந்த அடிபாடு என்றுதான் யோசித்தேன்.

ஒருவர் எங்கள் மேற்பார்வையாளர். உயரமானவர், சிரித்தால் காதுவரை சிவப்பார். அவர் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். மிச்சப் பாதிக்கு 'யெஸ்' சொல்லிவிட்டு, எதற்குச் சம்மதித்தேனோ என்று பின்னேரம் முழுக்கக் கவலைப்படுவேன். மற்றவர் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுபவர். கழுத்தே இல்லாத பலசாலி. இருவரும் இருபது வயதில் மொன்றியலுக்கு வந்து, இங்கேயே கலியாணம் கட்டி, நரைத்தும் போனவர்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு அருகே மற்றவர் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை விரித்து வைப்பார். அதோடு தொடங்கும். நான் அடுத்த மேசையில் இருந்து 'இங்கிலாந்து' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

எங்கள் ஊர்க் கரையோரக் கோயில் பங்குகளில் ஒரே உதைபந்தாட்டக் கழகத்துக்காரர் இருவர்தான் மிக மோசமாகச் சண்டை பிடிப்பார்கள். யாரைக் கோலுக்கு விடுவது, யாரை வெளியே இருத்துவது என்று சட்டையைப் பிடிப்பார்கள். இவர்களும் அப்படித்தான், இரண்டு பேருக்கும் இங்கிலாந்து மேல் அளவுக்கு மிஞ்சிய பாசம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வருடம் நாங்கள் பியர்பொன்ட்ஸில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். யூலை முதலாம் திகதி மாறவேண்டும். அன்றைக்கு மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும். சாமான் ஏற்ற வாடகைக்கு வான் கிடைக்காது. மேற்பார்வையாளர் தன் வானைத் தருவதாகச் சொன்னார். பலசாலி தூக்க வருவதாகச் சொன்னார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சுவாமியாரும் அன்று பகல் பன்னிரண்டுக்கு வந்து, செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். அவருக்கு அன்றைக்கு வேறு வீடுகளும் இருந்தன. ஒரு மணிக்கு மேல் நிற்க முடியாது என்று முதலே சொல்லிவிட்டார்.

என் மனைவிக்கு வேறு எதுவும் தேவையில்லை. கட்டில் பூட்டாவிட்டாலும் பரவாயில்லை, சுவாமியார் நிற்கும்போது புது அடுப்பில் பால் பொங்க வேண்டும். எத்தனையோ வாடகை வீடுகளில் சத்தம் போடாமல், ஆணி அடிக்காமல் இருந்தவள். சொந்த வீட்டில் முதல் இரவு மந்திரிக்காமல் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு நித்திரை போய்விட்டது. ஏனென்றால் அதே நாள் பதினொரு மணிக்கு உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கும் போர்த்துக்கலுக்கும் விளையாட்டு. இந்த இரண்டு பேரும் வழியில் சண்டை பிடித்து என் பிரிட்ஜை றோட்டில் வைத்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வது? இருவரையும் ஒரேயடியாகச் சந்தோசப்படுத்த ஒரு வழி தேடினேன். டொலர் கடையில் கண்டுபிடித்தேன். அந்த நாட்களில் எல்லோரும் காரின் கண்ணாடியில் செருகிக்கொண்டு திரிந்த சின்னக் கொடி. வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, இங்கிலாந்துக் கொடி. மந்திரிக்கப் போகிற வீட்டுக்குச் சாமான் ஏற்றும் வானில் சிலுவையும் பறந்தால் சுவாமியாருக்கும் நல்லாயிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் அவர்கள் மேலே மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது நான் இறங்கிவந்து மேற்பார்வையாளரின் வான் கண்ணாடியில் அதைச் செருகினேன். காற்றும் ஒத்துழைத்தது.

மெத்தையின் ஒரு தலைப்பைப் பிடித்தபடி முன்னால் இறங்கிய மேற்பார்வையாளர் பாதிப் படியில் நின்றார். பின்னால் வந்த பலசாலி எட்டிப் பார்த்து, பள்ளிக்கூட மேடையில் சொந்தப் பிள்ளையைக் கண்டவர்போலச் சிரித்தார். யார் வைத்தது என்று மேற்பார்வையாளர் மெதுவாகக் கேட்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான்தான் என்றேன். எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அந்தத் துணி இறங்காமல் வான் இந்த இடத்தை விட்டு அசையாது. உடனே பலசாலி மெத்தையைப் படியில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கொடி இறங்கினால் தானும் இறங்கிவிட்டதாக அர்த்தம், பிரிட்ஜை வான்காரரே தனியாகத் தூக்கட்டும் என்றார்.

எங்கள் அப்பார்ட்மென்டின் படி வெளிப்பக்கமாக வளைந்து இறங்குவது. அந்த வளைவில் மெத்தை கிடந்தது, பிரிட்ஜ் இன்னும் மேலேயே நின்றது. கீழே, எங்கள் வீட்டுக்குக் குடிவர இருந்தவர்கள் தங்கள் சோபாவோடு நடைபாதையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு 'பொன்ஜூர்' சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மனைவி பால்பானையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கிவந்தாள். லண்டன்காரர் இரண்டு பேருக்கும் விசர் பிடித்துவிட்டது, தங்கள் கொடியையே தாங்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, வான் வச்சிருக்கிற அந்தாள் ஸ்கொட்லாந்து எல்லே. நத்தார் பார்ட்டியிலை பாவாடை மாதிரி ஒண்டு கட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் சொன்னது. நீங்கள் கேக்கேல்லையே?"

"ஸ்கொட்லாந்தும் லண்டன்தானேயப்பா."

"அப்ப மன்னாரும் யாழ்ப்பாணம்தான் என்ன?"

நான் யாழ்ப்பாணம். என் மனைவி மன்னார். மொன்றியல் கோயிலில் யாராவது அவளைப் பொதுப்படையாக யாழ்ப்பாணத்து ஆள் என்று சொல்லிவிட்டால், பூசை நடந்துகொண்டிருந்தாலும் திரும்பி 'மன்னார்' என்று திருத்துவாள். ஒருமுறை ஆயரையே திருத்தியவள். யாழ்ப்பாணத்துக்காரர் எதிலாவது தோற்றால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும். இத்தனை வருடம் அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், வானுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் எனக்கு மேற்பார்வையாளரின் முகம் விளங்கியது.

அவள் கொடியைப் பிடுங்கிப் பலசாலியின் கையில் கொடுத்தாள். தன் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

"வான் அவருடையது. கை உங்களுடையது."

மேற்பார்வையாளர் நிறைய யோசித்தார். கை வானுக்கு வெளியே இருந்தால் அது வானில் சேருமா சேராதா என்று கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை: முழங்கை கதவில் முட்டக்கூடாது.

அப்படித்தான் நாங்கள் பியர்பொன்ட்ஸுக்குப் போனோம். முன்னால் இரண்டு பேருக்கும் நடுவில் என் மனைவி, மடியில் பால்பானை. யன்னலால் கையை அந்தரத்தில் நீட்டிக் கொடி பிடித்தபடி பலசாலி. பின்னால் இருட்டில் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்தபடி நான். பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது, பிரிட்ஜ் சாய்ந்தால் என் விலா தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கவலைப்பட்டேன். நெடுஞ்சாலையில் போனால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். மேற்பார்வையாளர் அதை விட்டுவிட்டு சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வீதியால் போனார். ஒவ்வொரு சிக்னலிலும் போர்த்துக்கல் கொடி கட்டிய கார்கள் ஹோர்ன் அடித்தன. பலசாலி கை மாற்றிப் பிடிக்கலாமா என்று கேட்டாராம். முடியாது, பேசியது ஒரு கைதான் என்றாராம் மற்றவர். வானொலியைப் போட்டு, இன்னும் கோல் விழவில்லை என்று அவருக்கு அன்பாக அறிவித்துக்கொண்டும் வந்தாராம். ஸ்கொட்லாந்து இந்தமுறை உலகக் கிண்ணத்துக்கே தெரிவாகவில்லை, ஆகவே இங்கிலாந்தோடு யார் விளையாடினாலும் அவர்தான் தன் நாடு என்று அந்த வழியில்தான் என் மனைவிக்கு விளக்கினாராம். ஆனி மாதம் தொடங்கியபோது அவர் பரகுவே. பிறகு ட்ரினிடாட், பிறகு சுவீடன், பிறகு எக்குவடோர், இன்றைக்குப் போர்த்துக்கல். கனடாக் குடியுரிமை ஒன்றை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இதனால் வீடு போய்ச் சேர ஒரு மணி தாண்டிவிட்டது. சுவாமியார் போயிருப்பார் என்று என் மனைவி இறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் போகவில்லை. எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுத் திறந்த யன்னலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

"தம்பி, ரீவி வந்திட்டுதோ?" என்றார்.

பிரிட்ஜ் வானிலேயே நின்றது. மேற்பார்வையாளர் தொலைக்காட்சிப் பெட்டியை ஒரு குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினார். பலசாலி கொம்பு அன்ரனாவைப் பிடித்தார். அந்தக் கைக்கு அன்று ஓய்வே இல்லை. படத்தில் பனி கொட்டியது. இங்கிலாந்துக்காரர் ஒருவரை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தார்கள், மேலதிக நேரம் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய சுவாமியார் ஒரு பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. மெதுவாகக் கேட்டேன். தமிழில்தானே கேட்கிறேன் என்ற தைரியம்.

"எங்கட முப்பாட்டனுக்குத் தலையிலை தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தவன் போர்த்துக்கேயன். உன்ர பேரே அவன் தந்தது. மறக்கலாமோ?"

"அவங்கள் அடிச்சுப் பறிச்சவங்கள் எல்லே, பாதர்."

"இவங்கள் மட்டும் கும்பிட்டே வாங்கினவங்கள்?" என்றார், கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல்.

என்ன ஆங்கிலேயருக்கு எதிரான கதை என்று மேற்பார்வையாளர் ஆவலோடு என்னைக் கேட்டார். வீடு மந்திரிக்கும் முறை பற்றிப் பேசுகிறோம் என்றேன்.

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்று, பால் வைக்கலாமா என்று சுவாமியாரைக் கேட்டாள். வை பிள்ளை, இது ஒருக்கா முடியட்டும் என்றார் அவர். அவள் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வீடு வாங்கியதே என் பிழை என்று இருந்தது. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன மின்னடுப்பில் பானையை வைத்தாள். விளையாட்டுப் பெனல்ரிக்குப் போனது.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இங்கிலாந்து தோற்றால் பலசாலி கோபித்துக்கொண்டு போய்விடுவார். வென்றால் மேற்பார்வையாளர் வானை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பிரிட்ஜோடு. எப்படிப் பார்த்தாலும் பிரிட்ஜ் இல்லை. ஒருவரும் வெல்லாமல் ஒரு விளையாட்டு முடியக் கூடாதா என்று நினைத்தபடி சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்றேன்.

"இஞ்சை வாங்கோ, பொங்கப்போகுது" என்றாள் மனைவி.

நான் உள்ளே போனேன். பானையின் விளிம்பில் பால் எழும்பி ஒரு கணம் நின்றது. பிறகு வெள்ளையாகச் சரிந்து அடுப்பில் சீறியது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அதே நேரம் முன்னறையில் இரண்டு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஒருவர் மேற்பார்வையாளர். மற்றவர் எங்கள் பங்குச் சுவாமியார். கடைசி உதையை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தப் பனியில் ஒன்றும் தெரிந்திருக்காது.

நான் முன்னறைக்கு வந்தபோது பலசாலி பாத்திரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. வருடக்கணக்காகச் சேர்த்தவை.

"வா, பிரிட்ஜைத் தூக்குவம்" என்பதுபோல ஒன்றைத்தான் சொன்னார்.

இருவரும் போய்த் தூக்கிவந்தார்கள். பலசாலி தன் பக்கத்தை அப்படியொரு வெறியோடு தூக்கினார். பிரிட்ஜ் ஒரு கீறலும் இல்லாமல் சமையலறையில் இறங்கியது. இப்படி உதைத்திருந்தால் வென்றிருக்கலாம் என்று மேற்பார்வையாளர் சுவரைப் பார்த்துச் சொன்னார். இருவரும் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுவாமியார் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் குரலைச் செருமி, புத்தகத்தைத் திறந்தார். பால் அடுப்பில் காய்ந்து மணத்தது. அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். நாங்கள் பின்னால் போனோம். கடைசி அறையில், பூட்டாத கட்டிலுக்குப் பக்கத்தில், என் மனைவி தமிழில் சொன்னாள்:

"பாதர், அந்தாளுக்குக் கொஞ்சம் கூடத் தெளியுங்கோ. பாவம்."

சுவாமியார் தாராளமாகத் தெளித்தார். பலசாலியின் மொட்டைத் தலையில் இருந்து வழிந்தது. என்ன சொன்னாள் என்று மேற்பார்வையாளர் கேட்டார். சொன்னேன். அவர் பணிவோடு தலையைக் குனிந்து, தன் பங்கையும் அவருக்கே ஊற்றிவிடச் சொன்னார். அடுத்த கிண்ணத்துக்கு இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டியவர் அல்லவா என்றார்.

பலசாலி கண்ணைத் துடைத்தார். தண்ணீர்தானோ என்னவோ. வேண்டாம், நீயே வைத்துக்கொள், கிண்ணத்தின் வாசலுக்குள்ளேயே வர முடியாதவனுக்குத்தான் அது கூடத் தேவை என்றார்.

என் மனைவி சத்தமாகச் சிரித்தாள். வாடகை வீடுகளில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சுவாமியார் இருவர் மேலும் மிச்சத்தை விசிறினார், பாதி சுவரில் பட்டது. அது புதிதாகப் பூசிய சுவர், ஈரம் ஊறிப்போகுமே என்று எனக்குக் கவலை தொடங்கியது.