செய்யார் பஸ்ஸில் ஓர் இங்கிலாந்து ஒத்திகை

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாட்டுக்குத் தனியாகக் கிளம்பும் அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலாந்தில் இருக்கும் என் மகளுக்கு ஏழாவது மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. விமான நிலையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி நானேதான் வீடு போய்ச் சேர வேண்டும். "ஒன்னால முடியாதுன்னா வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். முடியுமா என்று பார்க்கத்தான் போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆரணியிலிருந்து செய்யாருக்குப் போய் வந்தேன்.

துணைக்கு வந்தவள் என் தோழி ஸ்டெல்லா, இங்கிலீஷ் டீச்சர். நான் பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறவள். எண்களும் நிறங்களும்தான் எனக்கு இங்கிலீஷில் சரளம். பஸ்ஸில் தமிழே பேசக்கூடாது என்பது அவள் போட்ட கண்டிஷன்.

காலை 9.20க்குத் தனியார் பஸ். ஒருவருக்கு 27 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். நோட்டில் பன்னிரண்டு கேள்விகள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். என் "கெட் டவுன்" அவளிடம் "கெட் ஆஃப்" ஆனது. "அப் அண்ட் டவுன் டிக்கெட்" வெறும் "ரிட்டர்ன்" ஆனது. "ஸ்டாப்பிங்" வால் அறுந்து "ஸ்டாப்" ஆனது. இத்தனை வருஷம் நாம் பேசியது யார் வீட்டு இங்கிலீஷோ!

திடீரென்று அவள் இங்கிலாந்து டிரைவர் மாதிரி குரலை மாற்றி, "திஸ் பஸ் டெர்மினேட்ஸ் ஹியர்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பக்கம் இது. அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரே அர்த்தம்தான், வேலையை விட்டுத் தூக்குவது. "ஐயோ, யார டெர்மினேட் பண்ணிட்டாங்க?" என்று தமிழில் கத்திவிட்டேன். முன் சீட்டில் அடையாள அட்டை மாட்டியிருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"யாரையும் இல்லடி. பஸ் இதுக்கு மேல போவாது, எறங்குன்னு அர்த்தம்" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் படித்ததெல்லாம் கேள்விகள். பதில் வந்தால் புரியாது. அங்கே டிரைவர் இப்படிச் சொன்னால் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். நிஜமாகவே பயந்துவிட்டேன்.

செய்யாரில் டீ குடித்துவிட்டு 11.30க்குத் திரும்பினோம். இந்த முறை நோட்டைத் தொடவில்லை. அவள் கடகடவென்று பதில் சொல்வாள்; நான் கூச்சப்படாமல், "சாரி, ஸ்லோலி ப்ளீஸ்" என்பேன். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். ஸ்டெல்லா என்னைக் கிள்ளினாள். கண்டக்டரிடம் போய், "கேன் ஐ யூஸ் திஸ் டிக்கெட் ஆன் த நெக்ஸ்ட் பஸ்?" என்றேன்.

அவர் மேலும் கீழும் பார்த்தார். "நம்மூரு வண்டில இன்னாங்க இது, பேஜாரு?" என்றவர், ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "யெஸ் மேடம். சேம் டிக்கெட். ஃபிஃப்டீன் மினிட்ஸ். ஸ்டாண்டிங் ஒன்லி!"

ஒரு சொல் விடாமல் புரிந்தது. நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை.

கிளம்பப் போகிறவர்களுக்கு: கேள்விகளைக் குறைத்து, பதில்களைக் கேட்டுப் பழகுங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்திருங்கள். ஒத்திகைக்கு நம் ஊர் பஸ்ஸே போதும். கூட்டமில்லாத நேரமாகப் பாருங்கள்.

ஆரணியில் இறங்கியதும் மகளைக் கூப்பிட்டு, "டிக்கெட் போடு, வரேன்" என்றேன். அவள் அழுதுவிட்டாள்.

"நீ வரமாட்டேன்னே நெனச்சிகினு இருந்தேம்மா. எனக்கு ரொம்பப் பயமா இருக்குது. ஜல்தி வா."