காது குத்திக் கிடைத்த அங்கீகாரம்

எங்கள் சமுதாயக் கல்லூரி பெங்களூர் தொம்மலூரில் ஒரு மாடியில் தொடங்கியபோது வகுப்பறை என்று இருந்தது ஒரு நீளமான ஹால்தான். அதன் ஒரு மூலையில் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். எதிர்மூலையில் மின்வயரிங் வகுப்பு. பிரின்சிபால் மாநில அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்க்காரர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஃபைலில் ஆங்கிலம் என்று பிரித்து வைத்திருந்தார்.

வாசலில் தொங்கிய கன்னட போர்டை எழுதிய பெயிண்டர் 'சமுதாய' என்பதை ஆசையாகப் பெரிதாக எழுதிவிட்டார். மிச்சமிருந்த இடத்தில் 'காலேஜு' என்பதை நெருக்கி எழுதினார். அந்த ஊரில் சமுதாய பவன் என்றால் கல்யாணம் நடத்தும் இடம். ஆகவே திறந்து இரண்டு வாரத்தில் படிக்க ஒருவரும் வரவில்லை. மண்டபம் கேட்டு ஏழெட்டுக் குடும்பங்கள் வந்தன. ஒரு பாட்டி சமையலறை எங்கே என்று கேட்டு, இல்லையென்றதும் என்னைத் திட்டிவிட்டே இறங்கினார்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பக்கத்துத் தெருக்காரர். தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். ஒரு கம்பெனியில் ஹெல்பர். மகளுக்குக் காது குத்த ஹால் வேண்டும் என்றார்.

"ஹால் கெடையாதுப்பா, இது காலேஜு" என்றார் பிரின்சிபால்.

"போர்டுல சமுதாயன்னு போட்ருக்கே சார்?"

பிரின்சிபால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஆறு மாத எலக்ட்ரீஷியன் கோர்ஸில் சேர்ந்தால், மாணவர் என்ற முறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஹாலைத் தரலாம் என்றார். அப்படி ஒரு விதி எங்களிடம் இருந்ததாக எனக்குத் தெரியாது. மறுநாள் அதைத் தட்டச்சு செய்து ஃபைலில் வைக்கச் சொன்னபோது தெரிந்துகொண்டேன். வந்தவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். எங்கள் பதிவேட்டில் வரிசை எண் ஒன்று அவர்தான். அதன்பிறகு இன்னும் சிலர் சேர்ந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் ஹாலுக்காகச் சேர்ந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

காதுகுத்து நாள் வந்தது. தர்மபுரியிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர்கள் வந்து இறங்கினார்கள். தட்டச்சு மெஷின்களைச் சுவரோரம் ஒதுக்கி, ஸ்விட்ச் போர்டு மாட்டிப் பழகும் மேஜைகளில் இலை போட்டோம். தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அது போட்ட சத்தத்தில் படியேறி வந்தவர்களை யாரும் கவனிக்கவில்லை.

வந்தது எங்களுக்கு அங்கீகாரம் தர வேண்டிய குழு. இரண்டு ஆண்கள், ஒரு பெண் பேராசிரியர். ஞாயிறு வகுப்பு நடக்கிறது என்று விண்ணப்பத்தில் நாங்களே எழுதியிருந்தோம். அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். பட்டு வேட்டியோடு சாம்பார் வாளி பிடித்திருந்த பிரின்சிபாலுக்கு ஒரு கணம் முகம் வெளுத்தது. வாளியை என் கையில் கொடுத்துவிட்டு, சமுதாயப் பங்கேற்பு நாள் என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர்களை வரவேற்றார்.

பேராசிரியர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் குனிந்து, "நீங்க எந்த பேட்ச்?" என்று கேட்டார்.

"நான் மொத பந்தியிலயே உக்காந்துட்டேம்மா" என்றார் அவர்.

பேராசிரியர் அதை எழுதிக்கொண்டார். முதியோரும் முதல் பேட்சிலேயே சேர்ந்திருப்பதைப் பாராட்டினார். நான் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். பிறகு மூவரையும் வற்புறுத்தி உட்கார வைத்தோம். பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே அங்கீகாரக் கடிதம் வந்துவிட்டது. மக்களின் ஈடுபாடு வேறெங்கும் காணாத அளவில் இருந்ததாக அதில் இருந்தது.

பத்தாண்டு நிறைவுக்கு மலர் போட முடிவானபோது, கல்லூரி வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குள் தட்டச்சு மெஷின்கள் போய்க் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. நான் நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபால் படித்துவிட்டு, "இப்டியெல்லாம் எழுதினா நல்லாருக்காதும்மா" என்று சொல்லித் தானே திருத்தினார். கல்வித் தாகம் கொண்ட முதல் மாணவர் தயங்கித் தயங்கிப் படியேறி வந்தார் என்று ஆனது. அவரைத் தேடிப்பிடித்து மேடையில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றும் சொன்னார்.

விசாரித்துக்கொண்டு பொம்மசந்திராவுக்குப் போனேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவருக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கட்டாயம் வருவதாகச் சொன்னார். மலரில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

விழாவில் மைக் தொடக்கத்திலிருந்தே கொரகொரவென்று இரைந்தது. பிரின்சிபாலின் வரலாற்று உரையில் பாதி யாருக்கும் கேட்கவில்லை. முதல் மாணவரைப் பேச அழைத்தார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுத் தொண்டையைத் திறந்து பேசினார்.

"நான் படிக்க வரலைங்க. பாப்பாவுக்குக் காது குத்த ஹால் கேட்டு வந்தேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. அவர் வேன் வந்ததையும், குழு வந்ததையும், பந்தியையும் ஒன்று விடாமல் சொன்னார். நான் பிரின்சிபாலைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசேஷம் முடிஞ்சதும் நின்னுடலாம்னுதான் இருந்தேன். வீட்ல விடல. நம்ம சனம் மொத்தமும் ஒக்காந்து சாப்ட எடம், பாதியில விட்டா அசிங்கம்னு சொல்லிடுச்சு. அதுக்காகவே ஆறு மாசமும் வந்தேன். இன்னிக்கு சோறு அதுலதான்."

தலையைத் தூக்கிப் பார்த்தால் பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தும்போது முதல் மாணவரின் காதருகே ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். முதல் ஆண்டுவிழாவுக்கே அவரைக் கூப்பிட்டிருக்கலாம் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பொன்னாடையோடு கீழே இறங்கியவர் நேராகப் போய் மைக்கின் வயரைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்த டெஸ்டரால் ஏதோ முறுக்கினார். இரைச்சல் நின்றது. மிச்சமிருந்தது என் நன்றியுரை ஒன்றுதான். எந்த ஆண்டுவிழாவிலும் மைக் இரைச்சலில் என் நன்றியுரையை யாரும் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில் சென்ற ஆண்டுத் தாளையே கையில் வைத்திருந்தேன். மணியாக ஒலித்த மைக்கில், நேரம் ஒதுக்கி வந்ததற்காகச் சென்ற ஆண்டின் சிறப்பு விருந்தினருக்குப் பட்டங்களோடு நன்றி சொன்னேன்.

இந்த ஆண்டு வந்திருந்த விருந்தினர் எழுந்து கைகூப்பி, சென்ற ஆண்டு விருந்தினர் சார்பில் அந்த நன்றியை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.