கையை விட்ட இடத்திலிருந்து

சலவை ஆலையில் யாருக்காவது அடிபட்டால், நடந்ததை ஒரே பத்தியில் எழுதிக் கொடுப்பது கண்காணிப்பாளரின் பொறுப்பு. வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் அவள் அக்காதான். பத்தி எழுதுவதில் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: ஒரு சம்பவத்துக்கு மேல் கூடாது, முன்னே நடந்தது முன்னே வர வேண்டும், கண்ணால் காணாததற்கு இடமில்லை. புதிய எழுத்தர்களிடம், "கதை விடாத, கதையச் சொல்லு" என்பாள்.

அவளுடைய சொந்தத் தங்கையும் அங்கேயே, படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் உருளை இயந்திரத்தில் வேலை பார்த்தாள். கை நெருங்கினால் இயந்திரத்தை நிறுத்தும் தடுப்புக் கம்பி பழுதாகிவிட்டதை ஒரு காலையில் தங்கைதான் மேலாளரிடம் சொன்னாள்.

"விரிப்புக்கு விடுதிக்காரன் வாசல்ல நிக்கிறான். இன்னைக்கு ஓட்டுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர். அக்கா பக்கத்தில்தான் நின்றாள்.

மதியத்துக்குள், சுருண்ட விரிப்பை இழுத்துவிடப்போன தங்கையின் வலது கை உருளைக்குள் போய்விட்டது.

இயந்திரத்தின் குறை என்று பத்தி சொன்னால் தங்கைக்கு இழப்பீடு. அவளுடைய கவனக்குறைவு என்றால் ஒன்றுமில்லை. மேலாளர் அக்காவைத் தனியே அழைத்தார்.

"நீங்க பொய் எழுத வேண்டாம்மா. அவங்க கைய விட்டாங்களா இல்லையா? அங்கேருந்து ஆரம்பிங்க, போதும். உங்க வேலையும் நிக்கணும்ல?"

இரண்டு வீட்டு அடுப்பும் இனி அக்காவின் சம்பளத்தில்தான் எரிந்தாக வேண்டும். எழுதினாள். 'சுருண்ட விரிப்பைச் சரிசெய்யும் பொருட்டு, இயங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தினுள் தொழிலாளி கையை விட்டார்' என்று தொடங்கிய பத்தியில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பழக்கதோஷத்தால் மறுபடி வாசித்து, ஒரு காற்புள்ளியையும் திருத்தினாள்.

மருத்துவமனையில், அடிபட்டவரின் ஒப்பத்துக்காக அக்கா வாசித்த பத்தி முழுவதையும் கேட்டுவிட்டுத் தங்கை சிரித்தாள்.

"சுத்தமா இருக்குக்கா. ஆனா உன் பத்தியில நான் கைய விட்டப்பதான் பொறந்திருக்கேன்."

"என்னடி செய்யச் சொல்ற? ரெண்டு வீட்டுக்கும் இப்ப நான் ஒருத்திதானே."

"தெரியும். மையத் தடவு."

இடது கைப் பெருவிரலை நீட்டினாள். ஒப்பம் வைத்தபின், துடைத்துவிட வந்த அக்காவைத் தடுத்து, "வேணாம், காயட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இழப்பீடு வரவில்லை. அந்தப் பத்தியின் கச்சிதம் மேலாளருக்குப் பிடித்துப்போய்விட்டது. புதிய எழுத்தர்களுக்கு இன்று மாதிரியாகக் கொடுக்கப்படுவது அதுதான்.

"எங்கேருந்துக்கா தொடங்கணும்?" என்று யாராவது கேட்டால் அக்கா முதல் வாக்கியத்தின் மேல் விரலை வைத்துக் காட்டுகிறாள்.