துஷ்டி கேட்கப் போய்ச் சுற்றிய திருநெல்வேலி

சென்ற ஐப்பசியில் இரண்டு நாட்கள் திருநெல்வேலியில் இருந்தேன். ஊர் பார்ப்பதற்காகப் போகவில்லை. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த கோமதியின் கணவர் ஆவணிக் கடைசியில் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். அவளுக்கு இருபத்தைந்து வயது, குழந்தை இல்லை. டவுணில் மாமனார் வீட்டிலேயே இருக்கிறாள் என்று தாமதமாகத்தான் தெரிந்தது.

துக்கம் விசாரிப்பதோடு, அந்த ஊர்ப் பேச்சில் துஷ்டி கேட்பதோடு, இன்னொரு காரியமும் இருந்தது. மதுரையில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் இடம் காலியாகியிருந்தது. கோமதி கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்தவள். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சொன்னால் எடுத்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். என் அறையிலேயே அவளும் தங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த வீட்டுக்குக் கடிதம் போட்டால் மாமனார் படித்த பிறகுதான் அவளிடம் போகும். தொலைபேசியோ நடுக்கூடத்தில் இருக்கிறது. நேரில் பார்த்துத் தனியாகக் கேட்டு, அவள் வாயால் பதில் வாங்கி வரலாம் என்று கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு மதுரையில் ஏறினேன். முப்பத்திரண்டு ரூபாய் டிக்கெட், நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கோவில்பட்டி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கியிருந்ததால் வலது தோள் முழுக்க நனைந்து, பத்து மணிக்கு ஜங்ஷனில் இறங்கினேன். ஜங்ஷன் என்பது பஸ் நிலையமும் ரயிலடியும் லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும் நெருக்கியடித்த இடம். அங்கிருந்து ஈரடுக்குப் பாலத்தின் மேல் ஏறி டவுணுக்கு டவுண் பஸ் போகிறது. மூன்று கிலோமீட்டர்தான். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்ததால், ரத வீதிகளில் ஜவுளிக்கடை வாசல்களில் குடைகளும் கூட்டமுமாக நடக்க வழியில்லை.

வடக்கு ரத வீதியில் ஒரு வெற்றிலைக் கடையில் தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி யார் வீடு என்று விசாரித்தார். சொன்னதும் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"துஷ்டி கேக்கவா வந்திய? இன்னைக்குச் செவ்வாக்கிழமைலா. இன்னைக்கு யாரும் போவ மாட்டாவளே."

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் நாள் பார்ப்பதில்லை, நான் மதுரை என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "ஏன், மதுரைல செவ்வாக்கிழம வாரதில்லையோ?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் துஷ்டி கேட்கப் போனால் அந்த வீட்டில் இன்னொரு சாவைக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி, அவர்கள் இதையெல்லாம் கண்டிப்பாகப் பார்க்கிற குடும்பம் என்று பொறுமையாக விளக்கினார். "நாளைக்குப் போங்கம்மா. ஒரு நாள்ல என்ன ஆயிரப் போவுது."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. முதல் பார்வையிலேயே மாமியாரின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டால் கோமதியின் பக்கத்தில் உட்காரக்கூட விடமாட்டார்கள். நாளை புதன், வெள்ளிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தெருமுனை வரை போனேன். நீளமான, அமைதியான தெரு. அவள் வீடு எது என்றுகூடப் பார்க்காமல் திரும்பினேன்.

இப்படித்தான் ஊர் சுற்ற எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது. முதலில் ஜங்ஷனுக்குத் திரும்பி அறை தேடினேன். தனியாகப் போகும் பெண்கள் கவனிக்கவும்: மூன்று லாட்ஜுகளில் கேட்டேன், மூன்றிலும் இல்லை என்றார்கள். கடைசி இடத்தில் இருந்தவர் மட்டும் காரணம் சொன்னார். "கூட அண்ணன் தம்பி யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்கம்மா." எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

டவுணுக்குத் தெற்கே நடை தூரத்தில் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில் இருக்கிறது. அன்று தாமிரபரணி செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கோயிலின் பாதி மண்டபம் தண்ணீருக்குள். வெள்ளம் ஏறுவதற்கு முன் சாமியை மேலே கொண்டுபோய்விடுவார்கள் என்று படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரிக் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்களாம். ஓடும் ஆற்றைப் பார்த்தால் மனம் லேசாகும் என்று நிறையப் படித்திருக்கிறேன். எனக்கு ஆகவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கோமதியைக் கல்யாணத்தோடு நிறுத்தியபோது அவள் எழுதியது நினைவுக்கு வந்தது. சாக்பீஸ் தூசி படாததால் கை சுத்தமாக இருக்கிறது, அது பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாள்.

மதியம் ஜங்ஷனில் ஒரு மெஸ்ஸில் பன்னிரண்டு ரூபாய்க்குச் சாப்பாடு. பிறகு பஸ்ஸில் ஆற்றைக் கடந்து மேலப்பாளையம் போனேன். தறிச் சத்தமும் பீடி இலை வாசனையும் கலந்த குறுகிய தெருக்கள். மழைக்கு ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கியபோது, மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்ய, விசாரணை நடந்தது. கல்யாணம் ஆகவில்லை என்றதும் வயதில் மூத்தவர் நிமிர்ந்தார். "தனியா ஊர் சுத்துதியே, ஒங்க வாப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?" அப்பா இல்லை என்றேன். "அதான் சுத்துதா," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், நானும். மழை விடும்வரை இருந்துவிட்டு வந்தேன். அந்த நாளில் நான் சிரித்தது அங்கு மட்டும்தான்.

பாளையங்கோட்டை வேறு ஊர் போலவே இருக்கிறது. அகலமான தெருக்கள், பெரிய மரங்கள், திரும்பிய பக்கமெல்லாம் பள்ளிக்கூடம், சர்ச் மணி. அங்கே கிறிஸ்தவப் பெண்கள் நடத்தும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டோடு நாற்பது ரூபாய். டீச்சர் என்று சொன்ன பிறகு வார்டன் அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. மாலை ஜெபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கோமதியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு அந்தத் தெருவில் நுழைந்தபோது வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒன்று, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒன்று. தீபாவளிக்கு முன் துஷ்டி கேட்டுவிட வேண்டும், ஆனால் செவ்வாயில் வரக்கூடாது என்று காத்திருந்த சொந்தங்கள் எல்லாம் சேர்ந்து வந்திருந்தன. கூடம் நிறையப் பெண்கள். ஒவ்வொரு புது ஆள் நுழையும்போதும் அழுகை உயர்ந்து அடங்கியது. நடுவில் கோமதி வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் மாமியார்.

இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமியார் அசையவில்லை. ஒரு முறை அழுகைச் சத்தத்துக்கு நடுவே அவள் காதருகே குனிந்தேன். பள்ளி என்ற சொல் வரைதான் சொன்னேன்.

"என்ன தாயி ரகசியம்? எங்ககிட்டயும் சொல்லேன்," என்றார் மாமியார்.

சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அம்பாசமுத்திரத்து வேனில் வந்த ஒரு மூத்த பெண்மணிதான் பதில் சொன்னார். "வேலையா? வருசம் திரும்பி தலைத் தெவசம் கழியாம அவ வாசப்படி தாண்டலாமா? அவளுக்கு இங்கன என்ன கொறச்சல்?" மற்றவர்கள் ஆமோதித்தார்கள். யாரும் கோமதியைக் கேட்கவில்லை.

அடுத்த வேன் வந்து அழுகை மறுபடி எழுந்தபோது, குனிந்த தலையோடு அவள் முணுமுணுத்தாள். "ஏட்டி, நேத்து வந்திருக்கலாம்லா. நேத்து வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அத்தைகூடப் பகல் முழுக்கத் தூங்கிட்டாவ."

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தேன். துஷ்டி வீட்டில் விடைபெறக் கூடாது. வந்தவர்கள் போய் வருகிறேன் என்று சொல்வதில்லை, வீட்டார் வழியனுப்புவதும் இல்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இது மதுரையிலும் உண்டு, நாள் பார்க்காத எங்கள் வீட்டிலும் உண்டு. நானும் அப்படியே வாசலை நோக்கி நடந்தேன்.

பின்னால் கோமதி பேசினாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, நிதானமான குரலில். "போயிட்டு வா."

அழுகை நின்றுபோனது. யாரோ, "என்னட்டி சொல்லுத?" என்றார்கள். மாமியார் அவள் வாயைப் பொத்தக் கை நீட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் மறுபடியும் சொன்னாள். "போயிட்டு வா, என்ன?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

மதுரை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் சாத்தூர் வரை நின்றுகொண்டே வந்தேன். இந்த ஊருக்குக் குறைந்த செலவில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: தங்குவதற்குப் பாளையங்கோட்டை, சாப்பிட ஜங்ஷன், நடப்பதற்கு டவுண். டவுண் பஸ்ஸுக்குச் சில்லறை வைத்திருங்கள். ஐப்பசியில் குடை வேண்டும். யாரையாவது தனியாகப் பார்த்துப் பேச வேண்டியிருந்தால், கடைக்காரர் சொல்கிற நாளைக் கேட்காதீர்கள். நேராக வீட்டுக்குப் போங்கள்.

வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் இன்னொரு இடம் வரலாம் என்று தலைமையாசிரியை சொல்கிறார். அதற்குள் நான் இன்னொரு முறை போக வேண்டும். அத்தனை பேர் முன்னிலையில் என்னை வரச் சொல்லியிருக்கிறாள்.